கைநாட்டு

ஏழு கனவான்கள், ஏழு ஈரத் தொப்பிகள்.
கணப்புக்குப் பக்கத்தில் தொப்பிகளுக்கு இடம் இருந்தது.
நான் மூலையில்
பிசினும் மரச்சாம்பலும் உருக்கிக்கொண்டிருந்தேன்.
கண்ணாடிக் குடுவையின் கழுத்தில் அதைப் பூசிக்
கட்டைவிரலால் அழுத்த வேண்டும், ஆறுவதற்குள்.
மயிரிழை விட்டாலும் போதும்,
காற்று கடன்காரனைப் போல்
உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

உள்ளே ஒரு நூலில்
சர் ஹம்ப்ரி வெய்ன்ஃப்ளீட்டின் சட்டைப்பைக் கடிகாரம்.
என் ஒரு வருடக் கூலி
டிக் டிக்கென்று தொங்கியது.

'யார் சொன்னார் என்று கேட்காதீர்கள்,' என்றார் வெய்ன்ஃப்ளீட்.
'எவ்வளவு பழைய ஏடு என்றும் பார்க்காதீர்கள்.
கண்ணால் கண்டவர்கள் கையெழுத்திட்டால்
அதுதான் உண்மை.'

நல்ல பேச்சு.
இதன் தம்பி போலொரு பேச்சை
முன்பே கேட்டிருக்கிறேன்,
பதினாறு வருடத்துக்கு முன்,
ஆற்றங்கரைத் தேவாலயம் ஒன்றில்
சேறும் சம்பள பாக்கியுமாக நாங்கள் நின்றபோது.
ஜெரெமி ஸ்டப், தோல் பதனிடுகிறவன் மகன்,
தளபதிகளைப் பார்த்துச் சொன்னான்:
'சட்டம் என் கழுத்தில்தான் கிடக்கப்போகிறது என்றால்
முடிச்சுப் போடும்போது
என் விரலும் அங்கே இருக்கட்டும்.'
எழுத்தர் அந்நேரம் இறகைச் சீவிக்கொண்டிருந்தார்.
பதிவேட்டில் அந்த வரி இல்லை.
அடுத்த குளிருக்குள் ஸ்டப்பும் இல்லை.

கைப்பிடியைச் சுற்றினேன்.
முதல் பத்துச் சுற்று குழந்தைகூடச் சுற்றும்.
இருபதுக்கு மேல்
லண்டன் வானம் மொத்தமும்
பித்தளைத் தண்டை மறுபக்கம் பிடித்து இழுக்கும்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.
இளையவர், பாரிஸ் போய் வந்தவர், சொன்னார்:
'ஆதியில் மனிதர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறினார்கள்.
களைத்துப்போய் ஓர் ஒப்பந்தம் செய்து
பலத்தையெல்லாம் ஒருவன் கையில் கொடுத்தார்கள்.
அவனே அரசன்.
கடவுள் நடுவில் வரவில்லை.'
மற்றவர்கள் கதவைப் பார்த்தார்கள்,
சாத்தியிருக்கிறதா என்று.

சுற்றிக்கொண்டே யோசித்தேன்.
எந்த மேசையில்? எந்தத் தேதியில்?
மைக்கூட்டை எனக்கு நீட்டியது யார்?
அரசன் தலை விழுந்த அன்று
ஈட்டி பிடித்து வரிசையில் நின்றவன் நான்.
கூட்டத்திலிருந்து ஒரு முனகல் வந்தது,
தொழுவம் முழுக்க ஒரே மாடானதுபோல்.
என் மனைவி தபீத்தாளிடம்கூட அதைச் சொன்னதில்லை.
அவர் மகன் திரும்பிவந்த மே மாதம்
தெருச் சொக்கப்பனையில்
நானும் இரண்டு விறகு போட்டேன்.

சத்தம் தேய்ந்தது.
ஏழு காதுகள் கண்ணாடியை நோக்கிச் சாய்ந்தன.
டிக்.
பிறகு டிக்கின் நிழல்.
பிறகு அதுவும் இல்லை.
'நின்றுவிட்டது,' என்றார் ஒருவர்.

நிற்கவில்லை ஐயா.
கடிகாரத்தின் முதுகு என் பக்கம் இருந்தது.
சித்திரத் துளைகளுக்குள்
சின்னச் சக்கரம் போவதும் வருவதுமாக
வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தது.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வெய்ன்ஃப்ளீட் பதிவேட்டில் எழுதினார்:
'காற்றை வெளியேற்றினோம். ஓசை மறைந்தது.'
இந்த 'ஓம்' இருக்கிறதே, சின்ன விகுதி,
அதற்குள் என் தோள்பட்டை அடங்குமா?
நாமா, நாங்களா?
ஏழு பேர் கையெழுத்திட்டார்கள்.
எழுத எனக்கும் தெரியும். ஒபதியா தோர்ன்.
முகாமில் ஸ்டப்தான் கற்றுக்கொடுத்தான்,
முரசுத் தோலில், கரித்துண்டால்.

அடைப்பைத் திறந்தேன்.
யாரையும் கேட்காமல் காற்று சீறி நுழைந்தது.
டிக் டிக் டிக்.
கைதட்டினார்கள், கடிகாரத்துக்கு.

தொப்பிகள் உலர்ந்திருந்தன. போனார்கள்.
சூடான கத்தியால் பிசினைச் சுரண்டினேன்.
கழுத்தைச் சுற்றிலும்
என் கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக,
பதினான்கு இடத்தில்.
எண்ணிப் பார்த்துவிட்டு
சட்டியில் திரும்பப் போட்டேன்.
பிசின் விலை ஏறிவிட்டது.
நாளைக்கும் வேண்டும்.